திறவாத கதவு

பழைய காரை வைத்துக் காப்பாற்றும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. புதிது வாங்க வசதி இல்லாமையால் சிலர். பழகிய பொருளைத் தள்ளிவிட மனமில்லாமையால் சிலர். எங்கள் குடும்பம் இரு கூட்டத்திலும் சேர்ந்தது. அத்திப்பட்டில் எங்கள் இல்லத்து வாசலில் நிற்கும் காருக்கு 20 வயது கடந்துவிட்டது. 15 ஆண்டு நிறைந்தபோது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியின் தகுதியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்தோம். 5 ஆண்டு கழித்து மீண்டும் புதுப்பித்தோம். எஞ்சின் குறை சொல்ல இடமின்றி ஓடுகிறது. பிரேக்கும் அவ்வாறே. எங்களைச் சோதித்தது கதவுப் பூட்டுதான். அது யார் செய்த கார் என்பதை ஈண்டுச் சொல்லத் தேவையில்லை. குறை செய்தவருடையது அன்று, ஆண்டுகளுடையது.

ஓட்டுநரின் கதவில் சாவியைத் திருப்பினால் நான்கு கதவுகளிலும் ஒருங்கே 'டக்'கென்று ஓர் ஒலி எழ வேண்டும். மழைக்காலம் தொடங்கும் வேளையில் அந்த ஒலி மூன்று கதவுகளாகக் குறைந்தது. இடப்பக்கப் பின்கதவு மௌனம் சாதித்தது. சில நாள் வெயில் காய்ந்தால் அதுவும் பேசும். மழை பெய்த மறுநாள் ஊமையாகிவிடும். ஒரு மாதம் சென்றபின் வேறொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஓட்டுநரின் கதவு பூட்டிக்கொள்ளும்; ஏனைய மூன்றும் அதைப் பின்தொடரா. மறுமுறை திருப்பினால் பின்தொடரும். நோய் ஒன்றா இரண்டா என்பதே எங்களுக்கு விளங்கவில்லை.

கதவுப் பூட்டு ஒரு பெரிய செய்தியா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். அந்த இடப்பக்கப் பின்கதவு எங்கள் அன்னையின் கதவு. 80 வயதைக் கடந்த அவர் எப்போதும் அந்தப் பக்கத்திலேயே அமர்வார். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்வதால் அதுதான் ஓரத்தைப் பார்த்த கதவு. அது திறவாவிட்டால், இருக்கையில் நகர்ந்து நகர்ந்து வலப்பக்கமாக, நடுச்சாலையில்தான் இறங்க வேண்டும். அத்திப்பட்டையும் மீஞ்சூரையும் அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது; இன்று காமராசர் துறைமுகம் என்று பெயர். அதை நோக்கிச் செல்லும் லாரிகளுக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. கப்பலேறி அயல்நாடு போகும் புத்தம்புதுக் கார்களை இரண்டு தட்டாக அடுக்கிக்கொண்டு நீண்ட வண்டிகள் எங்கள் பக்கம் வந்தபடியே இருக்கும். (அவற்றைக் காணும்போதெல்லாம் எங்கள் பேத்தி, "நம்ம காரும் ஒருநாள் இப்படித்தான் புதுசா இருந்துச்சா?" என்று கேட்பாள்.) அந்தச் சாலையில் கைத்தடியூன்றிய ஒரு மூதாட்டி வலப்பக்கம் இறங்குவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

உள்ளிருக்கும் குமிழைக் கையால் இழுத்தால் கதவு திறக்குமே என்பீர்கள். திறக்கும். ஆனால் உள்ளே ஏதோ இறுகிக் கிடந்தமையால் அன்னையின் விரல்களுக்கு அது அசையவில்லை. எங்கள் மூத்த மகன் இழுத்தால்தான் வரும்.

அம்பாசடரும் பியட்டும் ஓடிய நாள்களில் இந்தச் சிக்கலே கிடையாது. ஓட்டுபவர் இறங்குமுன் உடலை முறுக்கிக்கொண்டு கையை நீட்டி ஒவ்வொரு கதவின் குமிழையும் அழுத்துவார். ஒன்றை மறந்தால் மறந்ததுதான். மின்விசையால் கதவைப் பூட்டும் முறை அமெரிக்காவில் 1914-லேயே ஸ்கிரிப்ஸ்-பூத் என்னும் காரில் வந்து மறைந்து, 1956-ல் பாக்கார்டு கார்களில் மீண்டும் வந்தது. நம்மவர்க்கு அது பழக்கமாக நெடுங்காலம் ஆயிற்று. 1998-ல் எங்கள் திருவள்ளூரிலேயே இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் மிட்சுபிஷி லான்சரும், அதே ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவும் உருவாகத் தொடங்கிய பின்னர்தான் இப்பகுதி மெக்கானிக்குகளின் வாயில் 'சென்டர் லாக்' என்ற சொல் அன்றாடச் சொல்லாயிற்று. காரோடு வராதவர்கள் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் தனியாக வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள்.

அதன் இயக்கம் கேட்பதற்கு எளியது. ஒவ்வொரு கதவின் உள்ளும் உள்ளங்கையளவு பெட்டியில் ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. அது சில பிளாஸ்டிக் பற்சக்கரங்களைச் சுழற்றி ஒரு கம்பியைத் தள்ளும் அல்லது இழுக்கும். அந்தக் கம்பி பூட்டோடு இணைந்திருக்கும். மோட்டாருக்கு வரும் வயர்கள் இரண்டே. ஒரு முறையில் மின்சாரம் பாய்ந்தால் பூட்டும். வயர்களின் நேர், எதிர் மாறினால் திறக்கும். பாய்வதும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே. ஓட்டுநரின் கதவில் மட்டும் மோட்டாரோடு ஒரு சுவிட்சும் சேர்ந்திருப்பதால் வயர்கள் அதிகம். அந்தச் சுவிட்சு சொல்லும் செய்தியை டாஷ்போர்டின் கீழுள்ள ஒரு சிறு பெட்டி வாங்கி மற்றக் கதவுகளுக்கு அனுப்புகிறது. ஆகவே ஓட்டுநரின் கதவு குடும்பத் தலைவர் போன்றது. அவர் சொல் வெளியே வராவிட்டால் வீடு முழுவதும் அசையாது.

நகரத்திலுள்ள ஒரு பெரிய பழுதுபார்ப்பு நிலையத்துக்கு முதலில் கொண்டுசென்றோம். கதவைத் திறந்துகூடப் பாராமல், அந்தச் சிறு பெட்டியையும் நான்கு மோட்டார்களையும் ஒருசேர மாற்ற வேண்டுமென்று சொல்லி ஐந்திலக்கத் தொகை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினோம். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பாராமல் மருந்து எழுதும் மருத்துவரிடம் எவர்க்கும் நம்பிக்கை பிறவாது.

பின்னர் மீஞ்சூரில் சிறு கடை வைத்திருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பற்றி அண்டைவீட்டார் சொன்னார்கள். இளைஞர். காரைச் சுற்றி வந்தார். கையில் இருந்ததெல்லாம் ஒரு திருப்புளியும், இரண்டு வயர் வைத்த ஒரு சிறு டெஸ்ட் லாம்ப்பும்தான். "எல்லாக் கதவும் ஒண்ணா நிக்குதா, ஒரே கதவு மட்டும் நிக்குதா சார்?" என்பதுதான் அவர் கேட்ட முதற்கேள்வி. இரண்டும் என்றோம். "அப்ப ரெண்டு கம்ப்ளெயின்ட்" என்றார். எங்களைப் பல வாரம் குழப்பிய ஐயம் அந்த ஒரு சொல்லில் தீர்ந்தது.

எல்லாக் கதவுகளும் ஒருங்கே நின்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் பழுது தேட வேண்டும்: பேட்டரி, பியூஸ், எர்த், அந்தச் சிறு பெட்டி, ஓட்டுநர் கதவின் சுவிட்சு, அதன் வயர்கள். ஒரே கதவு நின்றால் பொதுவானவற்றை விட்டுவிட்டு அந்தக் கதவுக்குள்ளேயே தேட வேண்டும். இதுவே அவருடைய முறை. விலை குறைந்த இடத்தை முதலிலும் விலை கூடிய இடத்தைக் கடைசியிலும் பார்ப்பது என்பதையும் அவர் சொல்லாமலே செய்தார்.

பேட்டரி நலமாக இருந்தது. அது தளர்ந்தாலும் பூட்டுகள் தள்ளாடும். விளக்கு எரிகிறதே என்று நாம் ஏமாந்துவிடுவோம். (எங்கள் ஊரருகே வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதலிரண்டு கட்டங்களின் திறன் மட்டும் 1830 மெகாவாட். அத்தகைய ஊரில் 12 வோல்ட்டுக்காக வாசலில் நின்று தவமிருந்தோம் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.) பியூஸும் நன்றாயிருந்தது. பியூஸ் போனால் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது பூட்டைப் பிழைக்க வைக்காது, வயரைக் கொளுத்தும்.

அடுத்து அவர் செய்த சோதனையை எவரும் தம் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். ஓட்டுநரின் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அதைச் சிறிது சிறிதாக மூடியபடியே சுவிட்சை இயக்கிக்கொண்டு வந்தார். அகலத் திறந்திருந்தபோது மற்றக் கதவுகள் பேசவில்லை. பாதி மூடியபோது மூன்றும் பேசின. முற்றும் மூடியபோது மீண்டும் மௌனம். அவர் புன்னகைத்தார். கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையே கீல் அருகில் மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர்க் குழாய் இருக்கும். வயர்களெல்லாம் அதன் வழியேதான் கதவுக்குள் செல்கின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை வளைந்து நிமிர்கின்றன. 20 ஆண்டுகளில் அந்தக் கதவு எத்தனை ஆயிரம் முறை திறந்திருக்கும்! ரப்பரை இழுத்து விலக்கியதும், மேலுறை சற்றே வெடித்து உள்ளே செம்பு அறுந்த ஒரு வயர் வெளிப்பட்டது. அறுந்த முனைகள் கதவின் ஒரு கோணத்தில் தொட்டுக்கொள்ளும். மறு கோணத்தில் விலகிவிடும். இரண்டாவது தொல்லை முழுவதற்கும் காரணம் அந்த ஒரு சாண் வயர்தான். மாற்றச் சொன்ன அந்தச் சிறு பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதை அவர் ஏற்கவில்லை. வளையும் இடத்தில் முறுக்கியது மீண்டும் விலகும் என்றார். அறுந்த பகுதியை வெட்டியெடுத்து, புதிய வயரைச் சற்றுத் தாராளமாக விட்டு, இணைப்புகள் ரப்பர்க் குழாய்க்கு வெளியே அமையும்படி ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடேற்றினால் சுருங்கிப் பிடிக்கும் உறையை மேலே போட்டார். அருகிலிருந்த வயர்களின் மேலுறையையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒன்று அறுந்த இடத்தில் மற்றவையும் அதே வயதுதானே.

இனி அன்னையின் கதவு. உட்புறப் பலகையை மெக்கானிக்குகள் டோர் பேட் என்கிறார்கள். கைப்பிடியின் திருகுகளைக் கழற்றிப் பேடை மெல்ல நெம்பியபோது அதன் பிளாஸ்டிக் கிளிப்புகளில் நான்கு முறிந்தன. பழைய காரில் இது தவிர்க்க முடியாதது; கிளிப்பு மலிவு. உள்ளே கண்ட காட்சிதான் எங்களைத் திகைக்க வைத்தது. கண்ணாடியோரத்து ரப்பர் பீடிங் வற்றிச் சுருங்கியிருந்தது. அதன் வழியே மழைநீர் பல ஆண்டுகளாக உள்ளே இறங்கியிருக்கிறது. எல்லாக் காரிலும் கதவுக்குள் ஓரளவு நீர் இறங்கத்தான் செய்யும். அது வடிவதற்காகவே கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் கதவில் அத்துளைகளைச் சேறும் சாம்பல் தூசியும் சேர்ந்து சிமெந்து போல அடைத்திருந்தன. வடிய வழியின்றி நின்ற ஈரம், கடற்காற்றின் உப்பு, எங்கள் பக்கத்துச் சாம்பல் ஆகிய மூன்றும் கூடிச் செய்யும் வேலையை எந்தத் தொழிற்சாலையும் சோதித்துப் பார்த்திருக்குமா என்பது ஐயமே. மோட்டாரின் கப்ளரைப் பிரித்தால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மழைக்கு மறுநாள் ஊமையாவதும் வெயிலில் பேசுவதும் ஏன் என்பது அப்போது புரிந்தது.

களிம்பைச் சுரண்டித் துடைத்தபின் டெஸ்ட் லாம்ப்பை அந்த இரு முனைகளுக்கிடையே வைத்துச் சுவிட்சை அழுத்தினார். விளக்குக் கண் சிமிட்டியது. மின்சாரம் வருகிறது, ஆனால் மோட்டார் முனகியதேயன்றிக் கம்பி நகரவில்லை. இங்கேதான் பலர் புது மோட்டாரை வாங்கிவிடுகிறார்கள் என்றார். அவர் கம்பியை மோட்டாரிலிருந்து கழற்றி, பூட்டைத் தனியே விரலால் அசைத்துக் காட்டினார். அசையவில்லை. குற்றவாளி முதலில் பூட்டுத்தான். அதை இழுத்து இழுத்து மோட்டாரும் நொந்திருக்கிறது. புது மோட்டாரை மட்டும் பொருத்தியிருந்தால் அதுவும் சில மாதங்களில் அதே கதியை அடைந்திருக்கும்.

பூட்டில் பழைய கிரீஸ் உலர்ந்து தார்போல் இறுகியிருந்தது. அதனுடன் தேங்காய் எண்ணெயும் கலந்திருந்தது. நம் வீடுகளில் கிரீச்சிடும் எதற்கும் தேங்காய் எண்ணெய் விடுவது ஒரு பழக்கம். எங்களுக்கு முன் காரை வைத்திருந்தவர் விட்டிருக்கக்கூடும். தலைக்கு நல்லதாகிய அது பூட்டுக்கு ஆகாது. குளிரில் உறையும், நாளானால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைக்கும். பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்துக் காயவிட்டு, வெள்ளைக் கிரீஸைச் சிறிதளவே தடவினார். அதன்பின் அது ஒரு விரலுக்கே வழுக்கிச் சென்றது. மோட்டாரின் பற்சக்கரங்கள் தேய்ந்துபோயிருந்தமையால், கடையில் பொதுவாகக் கிடைக்கும் இரட்டை வயர் மோட்டார் ஒன்றைப் பொருத்தினார். முதலில் அது தலைகீழாக வேலை செய்தது: மற்றவை பூட்டும்போது இது திறந்தது. இரண்டு வயர்களையும் இடம் மாற்றியதும் சரியாயிற்று. சோதிக்கும் ஆவலில் எங்கள் மகன் பத்துப் பன்னிரண்டு முறை விடாமல் அழுத்தவே, மோட்டார் திடீரென்று நின்றது. நாங்கள் பதறினோம். சூடேறினால் தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும் காப்பு சில மோட்டார்களுக்குள் உண்டென்றும், சற்றுப் பொறுத்தால் மீளும் என்றும் அவர் சொன்னார். ஒரு டம்ளர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் மீண்டது.

மொத்தச் செலவு, அந்தப் பெரிய நிலையம் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பகற்பொழுது சென்றது.

புறப்படுமுன் அந்த இளைஞர் பின்கதவின் விளிம்பைக் காட்டினார். அங்கே சிறுவர் பூட்டு என்னும் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. அது போடப்பட்டிருந்தால் உள்கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் கதவு திறவாது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். சென்டர் லாக்கும் பூட்டிய நிலையில் பழுதாகி, இந்த நெம்புகோலும் போடப்பட்டிருந்தால், அந்தக் கதவு உள்ளிருந்தும் திறவாது, வெளியிலிருந்தும் திறவாது. எங்கள் காரில் இடப்பக்கம் அது போடப்பட்டே இருந்தது. பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோது போட்டது. அவ்வளவு நாளும் பாட்டியும் பேத்தியும் அமர்ந்து வந்த பக்கம் அதுவே.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். 2025 மே மாதத்தில் ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டத்துத் துவாரபூடி கிராமத்தில், நிறுத்தி வைத்திருந்த ஒரு காருக்குள் விளையாடப் புகுந்த நான்கு சிறு பிள்ளைகள் கதவு பூட்டிக்கொண்டதால் வெளிவர இயலாமல் உயிரிழந்தார்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஏறிவிடுகிறது. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பதால் அது அதிகம் குறைவதில்லை. பெரியவர் உடலைவிடக் குழந்தையின் உடல் பன்மடங்கு விரைவாகச் சூடேறும். வாசலில் நிற்கும் பழைய கார் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வீடு. பூட்டாமல் விட்டால் அவர்கள் புகுவார்கள். ஆகவே ஓட்டாத காரையும் பூட்டிச் சாவியை எட்டாத உயரத்தில் மாட்டுவது எங்கள் இல்லத்தில் இப்போது வழக்கம். அதைவிட முதன்மையாக, உள்ளிருந்து குமிழை இழுத்துத் திறக்கவும், முன்னிருக்கைக்குத் தாவி ஹாரனை விடாமல் அழுத்தவும் பேத்திக்குக் கற்றுக்கொடுத்தோம். பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலும் ஹாரன் ஒலிக்கும். உங்கள் காரில் ஒலிக்கிறதா என்பதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

வெள்ளத்துக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கமெல்லாம் நீர் நின்றதையும், எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நீரில் கார் சிக்கினால் மின்பூட்டும் மின்கண்ணாடியும் சற்று நேரமே உதவும். கதவுக்கு வெளியே நீர் ஏறிவிட்டால் அதன் அழுத்தம் கதவைத் திறக்க விடாது. மின்சாரம் இருக்கும்போதே கண்ணாடியை இறக்கிவிட வேண்டும்.

எங்கள் அன்னை இப்போது இடப்பக்கமே இறங்குகிறார். புதுக்கதவு போலிருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஊசியால் நான்கு கதவுகளின் வடிதுளைகளையும் குத்தி விடுவது எங்கள் மகனின் பொறுப்பு. ஒலிகளை எண்ணுவது பேத்தியின் பொறுப்பு. வலப்பக்கப் பின்கதவின் 'டக்' சற்றே நீண்டு 'டர்ர்க்' என்று கேட்பதாக அவள்தான் முதலில் சொன்னாள். காது கொடுத்துக் கேட்டோம், உண்மைதான். மழை தொடங்குமுன் அந்தப் பேடையும் கழற்ற இருக்கிறோம். முறியப் போவது உறுதியாகையால், கிளிப்புகள் ஒரு டஜன் முன்னதாகவே வாங்கி வைத்தாயிற்று.